மூன்று புத்தகத்துப் பாட்டு

உலகம் பூராவும் போய் வயலினும் செல்லோவும் வாசிக்கிற நான்கு பேர் எங்கள் ராயபுரத்து சர்ச்சில் வந்து வாசிக்கப்போகிறார்கள் என்று ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிவில் பாதர் அறிவித்தார். நான் நம்பவில்லை. அந்த மாதிரி ஆட்கள் நகரத்தின் தெற்குப் பக்கம் வந்து இறங்குவார்கள், ஏசி ஹாலில் வாசிப்பார்கள், ஓட்டலில் இட்லியைப் படம் எடுத்துக்கொண்டு அடுத்த விமானத்தில் ஏறிவிடுவார்கள். கன்டெய்னர் லாரிகள் வரிசை கட்டி நிற்கிற எங்கள் ரோட்டைத் தாண்டி வர அவர்களுக்கு என்ன தலையெழுத்து? விசாரித்தால், பழைய கட்டடங்களில் வாசிக்க வேண்டும் என்று அவர்களுக்கு ஆசையாம். எங்கள் சர்ச் பழசு. கூரை நல்ல உயரம். வில்லை எடுத்த பிறகும் சத்தம் கொஞ்ச நேரம் நிற்கும். இதைக் கண்டுபிடிக்க வெளிநாட்டிலிருந்து ஆள் வர வேண்டியதில்லை, நாங்களே அந்தக் காலத்தில் கண்டுபிடித்திருந்தோம்.

நாங்கள் என்றால் மூன்று பேர். என் அக்கா செல்லோ வாசித்தாள், உட்கார்ந்து முட்டிகளுக்கு நடுவில் நிறுத்தி வாசிக்கிற பெரிய வயலின் மாதிரி அது. நான் முதல் வயலின். என் சிநேகிதன் ஒருவன் இரண்டாவது வயலின். அந்தச் சிநேகிதனோடு நான் பேசி முப்பத்து நான்கு வருஷம் ஆகியிருந்தது. சண்டை வந்தது நாலு பார் இசைக்காக. பார் என்பது தாளக் கணக்கில் ஒரு கட்டம். மெதுவான பாட்டில் நாலு பார் ஓடி முடிய, நிதானமாக ஒரு வாழைப்பழத்தை உரிக்கிற நேரம் ஆகும். அவ்வளவுதான்.

அப்பாவுக்கு மளிகைக் கடை. தூத்துக்குடிப் பக்கமிருந்து வந்து ராயபுரத்தில் கடை போட்டவர். அப்போதெல்லாம் பிளாஸ்டிக் பை இவ்வளவு கிடையாது, பழைய பேப்பரை எடைக்கு வாங்கிப் பொட்டலம் கட்டுவோம். ஒரு தடவை வந்த மூட்டையில் எந்தப் பழைய பங்களாவைக் காலி செய்தார்களோ, அகல அகலமான தடித்த தாள்கள் இருந்தன. தாள் முழுக்க ஐந்தைந்து கோடுகளும் புள்ளிகளும். பொட்டலத்துக்கு அம்சமான தாள் என்று அப்பாவுக்கு ஒரே சந்தோஷம். துவரம்பருப்பு கால் கிலோ கட்டினால் ஓரம் கிழியாமல் நிற்கும். நானும் இரண்டு நாள் அதில் பொட்டலம் மடித்துக் கொடுத்தவன்தான். மூன்றாம் நாள்தான் அது இசைப் புத்தகம் என்று கண்ணில் பட்டது. சர்ச் கோயரில் வயலின் கற்றிருந்ததால் எனக்கு நோட்டேஷன் படிக்க வரும். மூட்டையைக் கவிழ்த்துத் தேடினேன். ஒரே பாட்டின் மூன்று புத்தகங்கள் முழுசாகக் கிடைத்தன. அட்டை இல்லை. பாட்டுக்குப் பெயர் இல்லை, எழுதியவன் பெயரும் இல்லை. முதல் வயலின், இரண்டாம் வயலின், செல்லோ என்று ஒவ்வொன்றின் தலையிலும் அச்சடித்திருந்தது, அவ்வளவே. மூன்று புத்தகம் இருக்கிறது, ஆகவே இது மூன்று பேர் வாசிக்கிற பாட்டு. எனக்குச் சந்தேகமே வரவில்லை. கடைக்காரன் புத்தி அது. மூட்டையில் என்ன வந்ததோ அதுதான் சரக்கு.

அக்காவுக்குச் செல்லோ கிடைத்தது சர்ச் பரணிலிருந்து. யாரோ எப்போதோ விட்டுப்போனது, அவள் ஒருத்திதான் அதைத் தொட்டுத் துடைத்துக் கற்றுக்கொண்டாள். இரண்டாவது வயலினுக்குத்தான் ஆள் இல்லாமல் இருந்தது. அப்போது திருவிழா நேரத்தில் சர்ச் ஜெனரேட்டர் படுத்துவிட்டது. காசிமேட்டிலிருந்து ஒரு விசைப்படகு மெக்கானிக்கைக் கூட்டி வந்தார்கள். மீனவக் குடும்பத்துப் பையன், என் வயசுதான் இருக்கும், இருபத்து மூன்று. ஜெனரேட்டரைச் சரிசெய்துவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டே வந்து, நாங்கள் வாசித்துப் பழகுவதை நின்று கேட்டான். பிறகு என் வயலினைக் காட்டி, "இன்னா மாமு, இதுல கியரே இல்ல, எப்டி சுருதி மாத்துற?" என்றான். கிண்டல் என்று நினைத்தேன். நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டிருக்கிறான். சர்ச்சில் சும்மா கிடந்த இன்னொரு வயலினை அவன் கையில் கொடுத்து நானே சொல்லிக்கொடுத்தேன். ஆறு மாதத்தில் அவன் என்னைவிடச் சுத்தமாக வாசித்தான். இதை எழுதுவதற்கு எனக்கு இத்தனை வருஷம் ஆகியிருக்கிறது. அன்றைக்கு யாராவது சொல்லியிருந்தால் கடித்துக் குதறியிருப்பேன்.

வியாழக்கிழமை சாயங்காலம் மூன்று பேரும் சர்ச்சில் கூடுவோம். அவன் குளித்துவிட்டு வந்தாலும் டீசல் வாசம் போகாது. என் கையில் மிளகாய்த்தூள், வில்லைத் தொட்டுவிட்டுக் கண்ணைத் தேய்த்துத் துடித்திருக்கிறேன். அக்கா மட்டும் பவுடர் போட்டு வருவாள், எங்கள் இருவரையும் பார்த்து மூக்கைப் பிடித்துக்கொள்வாள். சந்தோஷமாக இருந்தோம் என்பதை அப்போது தெரிந்துகொள்ளாமலே இருந்தோம். சம்பளம் கிடையாது, பேர் கிடையாது, கேட்கிறவர்கள் பாதிப் பேர் கொட்டாவி விட்டார்கள். இருந்தும் வியாழக்கிழமை வந்தால் கடையில் எனக்குத் தராசு நேராக நிற்காது.

பாட்டில் நான்கு பகுதிகள். இரண்டாவது பகுதி மெதுவானது. அதன் நடுவில் ஓர் இடத்தில் மூன்று பேருடைய புத்தகத்திலும் நாலு பாருக்கு ஓய்வுக்குறிதான் இருக்கும். மூன்று பேரும் வில்லைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு மனசுக்குள் எண்ண வேண்டும். சர்ச்சில் சத்தமே இருக்காது. எனக்கு அந்த இடத்தின் மேல் வெறி. இப்படி ஒரு மௌனத்தைப் பாட்டுக்கு நடுவில் வைக்க எவ்வளவு பெரிய மனசு வேண்டும் என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லித் திரிந்தேன். நாங்கள் மேடையில் வாசிக்கும்போது ஜனங்கள் அந்த இடத்தில் பாட்டு முடிந்துவிட்டது என்று கைதட்டிவிடுவார்கள். அதற்காக நான் ஒரு வழி வைத்திருந்தேன். நாலு பார் தொடங்கியதும் டிராஃபிக் போலீஸ்காரர் மாதிரி வில்லோடு வலது கையை ஜனங்களுக்கு நேரே நீட்டிவிடுவேன். யாரும் வாய் திறக்கக் கூடாது. சின்னக் குழந்தைகள்கூடப் பயந்து உட்கார்ந்திருக்கும். எங்கள் பங்கில், அதாவது சர்ச் வட்டாரத்தில், அந்தப் பாட்டுக்கே கை காட்டுற பாட்டு என்று பெயர் வந்துவிட்டது.

சிநேகிதனுக்கு அந்த இடம் ஒத்துக்கொள்ளவில்லை. பழகுகிற ஒவ்வொரு தடவையும் அங்கே வந்ததும் தலையைச் சாய்த்துக் கேட்பான்.

"மாமு, இங்க இன்னாமோ கீதுடா."

"ஒண்ணும் இல்லடா. மூணு புக்லயும் ரெஸ்ட்தான் போட்டிருக்கு."

"இன்ஜின் தானா ஆஃப் ஆனா ஒரு மாரி நிக்கும். இது அப்டி நிக்கல. எவனோ ஒருத்தன் இன்னும் வாசிச்சிகினு கீறான். நமக்குக் கேக்கல, அவ்ளோதான்."

அக்கா சிரிப்பாள். நான் சிரிக்க மாட்டேன். புத்தகத்தில் இருப்பதுதான் பாட்டு, இல்லாததை நாமாகச் சேர்க்கக் கூடாது என்பேன். அவன் விட்டுவிடுவான்.

பங்குத் திருவிழா சாயங்காலம் ஒன்றில் அவன் விடவில்லை. நாலு பார் வந்தது. நான் கையை நீட்டினேன். எனக்குப் பக்கத்திலிருந்து சன்னமாக ஒரு வயலின் சத்தம் எழுந்தது. சின்ன மெட்டு. ஏறி, ஒரு இடத்தில் நின்று, மறுபடி அதே வழியாக இறங்குகிற மெட்டு. அவன் கண்ணை மூடிக்கொண்டிருந்தான். நாலு பார் சரியாக முடிந்ததும் தன் புத்தகத்துக்குத் திரும்பிவிட்டான், தாளம் ஒரு இம்மிகூடத் தப்பவில்லை. நானோ கையை நீட்டியபடி பொம்மை மாதிரி நின்றிருக்கிறேன். முன் பெஞ்சில் இரண்டு பேர் சிரித்தார்கள்.

வாசித்து முடித்ததும், பாதரும் கோயர் ஆட்களும் சுற்றி நிற்க, நான் கத்தினேன். "புக்ல இல்லாததை வாசிக்க உனக்கு யாருடா அதிகாரம் குடுத்தது? இது என்ன உங்க குப்பத்துல வலை இழுக்கிற பாட்டா?"

அந்த வாக்கியம் என் வாயிலிருந்து வந்ததுதான். கோபத்தில் வந்தது என்று சொல்லி இத்தனை நாளும் எனக்கு நானே சப்பைக்கட்டு கட்டிக்கொண்டிருந்தேன். கோபத்தில் வந்தாலும் உள்ளே இருந்ததுதானே வரும். எனக்கு மேலே அவன் வாசிக்கிறான் என்ற எரிச்சல் ஒரு பக்கம், நான் கடைக்காரர் மகன், அவன் படகுக்காரர் மகன் என்கிற திமிர் ஒரு பக்கம். இரண்டும் சேர்ந்து வந்தன. அவன் சர்ச்சுக்குச் சொந்தமான வயலினைப் பெட்டியில் வைத்து, துணியால் மூடி, கொக்கியைப் போட்டுவிட்டுப் போனான். அடுத்த வியாழக்கிழமை வரவில்லை. நானும் போய்க் கூப்பிடவில்லை.

அதன் பிறகு நாங்கள் வாசிக்கவே இல்லை. அக்கா கல்யாணமாகித் திருவொற்றியூர் போனாள், அங்கே பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சராகி, இப்போது ரிட்டயரும் ஆகிவிட்டாள். அவள் அவனோடு பேச்சை விடவில்லை. காசிமேட்டுக்கு மீன் வாங்கப் போனால் அவன் மனைவியிடம்தான் வாங்குவாள், வந்து என்னிடம் ஒப்பிப்பாள். அவனுக்கு இரண்டு பெண்கள், பெரியவள் நர்ஸ், அவன் கை விரல் ஒன்று இன்ஜின் பெல்ட்டில் மாட்டி மடங்கிப்போயிற்று. நான் கேட்காத மாதிரி கேட்டுக்கொள்வேன். நேரில் பார்த்தால் அவன் பஸ்ஸைப் பார்ப்பான், நான் கடைப் பலகையைப் பார்ப்பேன். நடுவில் செல்போன் வந்தது. ஒரு மெட்டை முணுமுணுத்தால் போதும், எந்தப் பாட்டு என்று அதுவே சொல்லிவிடும் என்று என் மகள் காட்டினாள். உலகத்துப் பாட்டெல்லாம் கேட்டேன், அந்த ஒன்றை மட்டும் முணுமுணுக்கவில்லை. சாமர்த்தியம் ஒன்றும் இல்லை, பயம். அந்த நாலு பாரில் ஏதாவது இருந்து தொலைத்தால் நான் என்ன செய்வேன்?

கச்சேரி ஞாயிற்றுக்கிழமை நாலரைக்கு. அக்காவை ஆட்டோவில் கூட்டிக்கொண்டு போனேன். அவளுக்கு முட்டி தேய்ந்துவிட்டது, ஒவ்வொரு படிக்கும் என்னைத் திட்டிக்கொண்டே ஏறினாள். உள்ளே நல்ல கூட்டம். தெற்கேயிருந்து பட்டுப்புடவைகளும் கதர் ஜிப்பாக்களும் வந்திருந்தன, எங்கள் ஆட்களும் குழந்தை குட்டியோடு வந்திருந்தார்கள். ஃபேனைப் போட்டால் சத்தம், நிறுத்தினால் வேக்காடு. கடைசியில் நிறுத்திவிட்டு ஜன்னல்களைத் திறந்தார்கள். கடல் காற்று வந்து நான்கு பேருடைய தாள்களையும் பறக்கவிட்டது. கன்னியர் மடத்திலிருந்து துணி கிளிப் ஒரு டப்பா வந்தது. பச்சையும் சிவப்புமாகக் கிளிப் மாட்டிய தாள்களை அந்தப் பெரிய மனிதர்கள் ஒன்றும் சொல்லாமல் ஏற்றுக்கொண்டார்கள். அங்கேயே எனக்கு அவர்களைப் பிடித்துப்போயிற்று.

நடைபாதைக்கு அந்தப் பக்கம், எங்களுக்கு இரண்டு பெஞ்சு முன்னால், அவன் உட்கார்ந்திருந்தான். தலை முழுக்க நரைத்திருந்தது. இஸ்திரி போட்ட சட்டை.

"அவனை யாரு கூப்பிட்டது?" என்றேன்.

"நான்தான். ஏன், இது உன் மாமனார் வீடா?" என்றாள் அக்கா.

பாதர் எழுந்து, பாட்டுக்கு நடுவில் கைதட்ட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டு, வந்தவர்களை அறிமுகப்படுத்தினார். இரண்டு பேர் வயலின், ஒருவர் செல்லோ. இன்னொரு அம்மா வியோலா. வயலினைவிடக் கொஞ்சம் பெரிசு, கொஞ்சம் கனத்த குரல். வெள்ளைத் தலைமுடியைக் கட்டையாக வெட்டியிருந்தாள், நல்ல தாட்டியான உடம்பு. முதல் பாட்டு புதுசு, எனக்குப் பிடிபடவில்லை. வெளியே லாரி ஹாரன் அடித்தபோது செல்லோக்காரர் மட்டும் லேசாகச் சிரித்தார்.

இரண்டாவது பாட்டு இருநூறு வருஷத்துக்கு முந்தையது என்று நிகழ்ச்சித் தாளில் போட்டிருந்தது. முதல் வயலின் ஆரம்பித்தார். நான்கு சுரம்கூடப் போயிருக்காது, அக்கா என் மணிக்கட்டைப் பிடித்துவிட்டாள். உணர்ச்சி வந்தால் அவளுக்கு ஊர்ப் பேச்சு வந்துவிடும்.

"ஏலே, இது நம்ம பாட்டுல்லா!"

நம்முடையதுதான். ஆனால் நம்முடையது மாதிரி இல்லை. நாங்கள் இத்தனை நாள் உப்பில்லாமல் சாப்பிட்ட குழம்பு இது, இப்போதுதான் யாரோ உப்புப் போட்டிருக்கிறார்கள். எனக்குத் தெரிந்த ஒவ்வொரு வரிக்கும் நடுவில் இன்னொருவர் இருந்தார். நான் அந்த அம்மாவையே பார்த்தேன். அவள் வில் போகிற இடமெல்லாம் எங்கள் பாட்டில் காலியாக இருந்த இடம். மூன்று புத்தகம் அல்ல, நான்கு. நாலாவது எங்கே போயிருக்கும் என்று யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. துவரம்பருப்பாகவும் கொத்தமல்லி விதையாகவும் ராயபுரம் முழுக்கப் போயிருக்கிறது. பாதியை நானே மடித்துக் கொடுத்திருப்பேன்.

முதல் பகுதி முடிந்தது. பாதர் சொன்னபடி யாரும் கைதட்டவில்லை, இருமினார்கள். இரண்டாவது ஆரம்பித்தது. இந்த வயதில் ஒரு பாட்டுக்குப் பயப்படுகிறோமே என்று வெட்கமாகவும் இருந்தது. அந்த இடத்தில் ஒன்றும் இல்லாமல் இருக்கட்டும் ஆண்டவரே, நாலு பேரும் சும்மா இருக்கட்டும் என்று நிஜமாகவே ஜெபித்தேன். அப்படி இருந்தால் நான் சொன்னது சரி. சரியாக இருந்தால் அவன் முகத்தை நேராகப் பார்க்கலாம் என்று ஒரு கணக்கு. முட்டாள் கணக்கு.

மூன்று பேர் வில்லைத் தூக்கினார்கள். என் வலது கை தானாகவே தொடையிலிருந்து எழுந்தது, அக்கா அதைத் தட்டி இறக்கினாள். அந்த அம்மா மட்டும் வாசித்தாள். தனியாக, நாலு பார், அவசரமே இல்லாமல். யாரோ பக்கத்து அறையிலிருந்து நம்மோடு பேசுவது மாதிரி இருந்தது. எவனோ ஒருத்தன் இன்னும் வாசித்துக்கொண்டிருக்கிறான் என்று ஒரு மெக்கானிக் காதால் கண்டுபிடித்திருக்கிறான். நான் மௌனம் மௌனம் என்று ஊருக்கெல்லாம் கை காட்டியிருக்கிறேன். அவனைப் பார்த்தேன். அவன் திரும்பவில்லை. தலையை ஒரு பக்கமாகச் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருந்தான். எனக்கு அழுகை வந்தது. பாட்டு நன்றாக இருந்ததற்கும்தான், தோற்றதற்கும்தான்.

கச்சேரி முடிந்து வெளியே வந்தபோது இன்னும் வெளிச்சம் இருந்தது. அவன் மொபெட்டுக்குப் பக்கத்தில் சாவியைத் தேடிக்கொண்டு நின்றான். அக்கா என் முதுகில் கை வைத்துத் தள்ளினாள். முட்டி தேய்ந்தவளுக்கு அவ்வளவு பலம் எங்கிருந்து வந்ததோ தெரியவில்லை.

"நீ சொன்னதுதான்டா சரி. அங்க இருந்திருக்கு," என்றேன்.

அவன் என்னை நிமிர்ந்து பார்த்தான். "இன்னாது?"

"அந்த நாலு பார். நான்தான் இல்லைன்னேன்."

"ஆமா, கேட்டேன். நல்லா வாசிச்சிச்சு அந்தம்மா." மறுபடி சட்டைப் பையில் சாவியைத் தேடினான். பிறகு, "ஆனா நான் வாசிச்சது அது இல்லியே மாமு. நான் இன்னா கண்டுபுடிச்சேன்? நீதான் கரெக்டா கண்டுபுடிச்ச," என்றான்.

எனக்குப் புரியவில்லை.

"வலை இழுக்கிற பாட்டான்னு கேட்ட இல்ல? அது வலை இஸ்க்கற பாட்டுதான். எங்க நைனா முன்னால நின்னுகினு பாடுவாரு, மத்தவங்க இஸ்ப்பாங்க. அவுரு போயி அப்ப ரெண்டு மாசம்கூட ஆவல. அந்த எடம் சும்மா கீதேன்னு, அவுர அங்க வெச்சேன்."

அவன் அப்பா கடலில் செத்துப்போனது எனக்குத் தெரியாத செய்தி இல்லை. காசிமேட்டில் அவன் வீட்டு வாசலில் போட்ட பந்தலில் நானும் உட்கார்ந்திருந்தேன். எங்கள் கடையிலிருந்து அரிசி மூட்டை அனுப்பியதே என் கையால்தான். இரண்டு மாதத்தில் அதை மறந்துவிட்டு, எல்லார் முன்னாலும் அந்த வார்த்தையைச் சொல்லியிருக்கிறேன். அதற்குப் பிறகு இத்தனை வருஷமும், புத்தகம் சரியா அவன் சரியா என்றுதான் பயந்துகொண்டிருந்தேன். அவனுக்கு அது ஒரு கேள்வியாகவே இருந்ததில்லை.

"மன்னிச்சிருடா," என்றேன். சத்தமாகவே சொல்லிவிட்டேன் போல. போகிறவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அக்கா மூக்கைச் சிந்தினாள்.

அவன் சாவியைக் கண்டுபிடித்து, மொபெட்டில் போட்டு, திருகாமல் அப்படியே நின்றான்.

"இத சொல்றதுக்கு சீமையிலேர்ந்து நாலு பேரு பெட்டியத் தூக்கினு வரணுமா மாமு?" என்றான்.

எங்கள் கடையிலிருந்து அவன் வீட்டுக்கு நடந்து போனால் கால் மணி நேரம்.